முதலில் தொடுகிற கை

அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ் ஏறி சி.டி.எச். ரோட்டில் திருவள்ளூர் பக்கம் போனால் ஒரு போர்டு திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: புத்தூர் கட்டு. அசல் புத்தூருக்கும் இதே தடத்தில்தான் போக வேண்டும். ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம், திருத்தணி, எல்லை தாண்டினால் ஆந்திரா. கை கால் முறிந்தவர்களைத் தோளில் தாங்கிக்கொண்டு மூன்று தலைமுறையாக நம்ம ஆட்கள் அந்த ரயிலில் போயிருக்கிறார்கள். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, அதன்மேல் துணி. என் துறைக்காரர்கள் கூடும் இடத்தில் புத்தூர் கட்டைப் பற்றி ஒரு ஜோக்காவது வராமல் இருக்காது. இறுக்கிக் கட்டி ரத்த ஓட்டம் நின்று, அழுகிய காலோடு வந்து சேர்ந்த கேஸ்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. என்னிடமும் இருக்கின்றன. ஆனாலும் 2022 நவம்பருக்குப் பிறகு அந்த ஜோக்குக்கு எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

வியாசர்பாடியிலிருந்து வந்த கால்பந்து வீராங்கனை பிரியாவை உங்களுக்கு நினைவிருக்கும். 17 வயது. ராணி மேரிக் கல்லூரி மாணவி. முழங்கால் சவ்வு கிழிந்ததற்காகப் பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் நவம்பர் 7-ம் தேதி ஆர்த்ரோஸ்கோபி செய்தார்கள். சின்னத் துளை, கேமரா, ஓரிரு நாளில் வீடு என்று நாங்கள் எல்லோரும் நோயாளிகளிடம் தைரியம் சொல்கிற ஆபரேஷன். பிறகு போட்ட கட்டு இறுகி, காலுக்கு ரத்தம் போகாமல், ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு, காலையே எடுத்து, 15-ம் தேதி இறந்துபோனார். இறுக்கமான கட்டுதான் காரணம் என்று அரசுத் தரப்பே சொன்னது. இரண்டு டாக்டர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். ஒரு வாரம் டிவியில் விவாதம் ஓடியது, அப்புறம் ஓய்ந்தது.

எந்தக் கட்டைச் சொல்லி நாங்கள் புத்தூரைக் கேலி செய்தோமோ, அதே இறுக்கம். இந்தத் தடவை அதைப் போட்டது ஒரு அரசு மருத்துவமனை.

அங்கே என்ன நடந்திருக்கும் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏனென்றால் நான் சொல்ல வந்த விஷயமே அதில்தான் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு அறையையும் சுற்றி நெகிழாத ஒரு உறை. உள்ளே வீக்கம் வந்தாலோ வெளியே கட்டு இறுகினாலோ அறைக்குள் அழுத்தம் ஏறும். முதலில் சிறு ரத்தக் குழாய்கள் நசுங்கும், தசை மூச்சுத் திணறும். ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் அவகாசம், அதற்கு மேல் தசை சாக ஆரம்பிக்கும். செத்த தசையிலிருந்து கரைந்து வருவது சிறுநீரகத்தைப் போய் அடைக்கும். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. காயத்துக்கு ஒவ்வாத அளவு வலி, மருந்து கொடுத்தும் அடங்காத வலி, கால் விரலைப் பிடித்து லேசாக நீட்டினால் உயிர் போகிற மாதிரி ஒரு கத்தல். அப்போது செய்ய வேண்டிய முதல் வேலை கட்டை வெட்டி எறிவது. கணுக்காலில் நாடி துடிக்கிறதே என்று சமாதானம் அடையக் கூடாது; நாடி கடைசியில்தான் போகும்.

இந்த ஒரு பத்தியைத் தெரிந்துகொள்ள எம்.பி.பி.எஸ். வேண்டாம். ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம். கோச்சுக்குச் சொல்லலாம். டிரஸ்ஸிங் மாற்றுகிற உதவியாளருக்குச் சொல்லலாம். புத்தூர் கட்டுக்காரருக்கும் சொல்லலாம். அப்படியென்றால் ஏன் யாரும் சொல்லவில்லை?

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். அம்பத்தூரில் இரண்டு கட்டில் போட்ட சின்ன கிளினிக். வருகிறவர்களில் பாதிப் பேர் எஸ்டேட் கம்பெனிகளில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் ஆட்கள். மீதிப் பாதி விளையாடுகிறவர்கள்: கபடி, வாலிபால், போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடுகிற பிள்ளைகள், ஜிம் பையன்கள். "அக்கா, முட்டி போச்சு" என்றுதான் உள்ளே வருவார்கள். எப்போ அடிபட்டது என்று கேட்டால் சராசரியாக ஒன்றரை மாதத்துக்கு முந்தைய தேதி ஒன்றைச் சொல்வார்கள். நடுவில் யாரிடம் போனீர்கள் என்பதுதான் என்னுடைய அடுத்த கேள்வி. அந்தப் பதில்களை எழுதி வைத்துக்கொண்டு வருகிறேன். சீனியர் பிளேயர் ஒருவர் இழுத்துவிட்டார். கோச் ஸ்ப்ரே அடித்தார். மெடிக்கல் ஷாப் அண்ணன் மாத்திரை கொடுத்தார். ஜிம் மாஸ்டர் "வலி வந்தாதான் வளரும்" என்றார். எண்ணெய் போட்டு நீவினார்கள். கட்டு போட்டார்கள். என் இடம் அநேகமாக ஐந்தாவதோ ஆறாவதோ. எலும்பு டாக்டரின் இடம் எனக்கும் பின்னால்.

அதாவது, நம்ம பக்கத்தில் அடிபட்ட உடம்பை முதலில் தொடுகிற கை மருத்துவக் கை கிடையாது. இதைச் சொன்னால் என் துறையில் எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு எழுந்து நேராக எதிர்த் திசையில் நடப்பார்கள்.

எதிர்த் திசை என்று நான் சொல்வது தொழில் வளர்ச்சி என்ற பெயரில் நடப்பதை. 2002-ல் வந்த மருத்துவ ஒழுக்க விதிகள் டாக்டர்கள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர்கல்வி பெற வேண்டும் என்கின்றன. நல்ல விதி. அது பெரும்பாலும் எங்கே நிறைவேறுகிறது? ஸ்டார் ஹோட்டலில், ஏசி ஹாலில், இம்பிளான்ட் கம்பெனி ஸ்டால்களுக்கு நடுவில். அப்படி ஒரு மாநாட்டுக்கு நானும் பணம் கட்டிப் போனேன். ரெண்டு நாள். சவ்வை எந்தத் தசைநாரில் செய்யலாம், எந்தக் கோணத்தில் துளை போடலாம், ரத்தத்திலிருந்து பிளேட்லெட் பிரித்து ஊசி போட்டால் என்ன பலன். எல்லாம் வேண்டியவைதான். அந்தத் துல்லியத்தால் திரும்ப ஓடுகிற கால்களை நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் மைதானத்தில் விழுந்தவனை எப்படித் தூக்குவது, கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பும்போது என்ன சொல்லி அனுப்புவது என்று ஒரு அமர்வுகூட இல்லை. கேள்வி நேரத்தில் எழுந்து, "பி.டி. மாஸ்டர்களுக்கு யார் சார் சொல்லித் தர்றது?" என்று கேட்டேன். மேடையில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "அது வேற ஆடியன்ஸ் மேடம்" என்றார். லஞ்ச் நல்லா இருந்தது.

அந்த வேற ஆடியன்ஸ்தான் எங்கள் ஊரே.

டாக்டர்களை மட்டும் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. 2025 செப்டம்பரில் பிசியோதெரபிஸ்ட்கள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடக் கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் ஒரு கடிதம் அனுப்பியது; மறுநாளே அதை வாபஸ் வாங்கியது. அந்த வாரம் எங்கள் வாட்ஸப் குழுக்கள் கொதித்த கொதிப்பைப் பார்க்க வேண்டுமே. 2021-ல் எங்களையெல்லாம் அங்கீகரித்து ஒரு தேசிய ஆணையச் சட்டம் வந்தபோதுகூட இவ்வளவு பேச்சு இல்லை. இரண்டு எழுத்துக்கு ராத்திரி ரெண்டு மணி வரை டைப் செய்தவர்களில் எத்தனை பேர் ஞாயிற்றுக்கிழமை ஒரு கபடி மேட்ச் ஓரத்தில் பையோடு நின்றிருக்கிறார்கள்? எனக்குத் தெரிந்து இரண்டு பேர். அவர்கள் அந்தக் குழுவில் எதுவும் டைப் செய்யவில்லை.

பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் போரூர். அங்கே ஸ்ரீராமச்சந்திராவில் விளையாட்டு அறிவியல் மையம் இருக்கிறது. பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீள்கிறதா என்று அளக்க ஐ.சி.சி. அங்கீகரித்த இடம், 2015-ல் சுனில் நரைனே அங்கே வந்து வீசிக் காட்டியிருக்கிறார். இது நம் பகுதிக்குப் பெருமை, அதில் சந்தேகமில்லை. திருவேற்காடு, திருமழிசை மைதானங்களில் வீசுகிற பையனுக்கு முழங்கை எத்தனை டிகிரி என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பந்து வீசலாம், வளர்கிற வயதில் முதுகு வலித்தால் ஏன் அதை 'பிடிப்பு' என்று தள்ளிவிடக் கூடாது, இவ்வளவு தெரிந்தால் போதும். வேகப்பந்து வீசும் பதின்வயதுப் பையன்களின் முதுகெலும்பில் விரிசல் விழுவது விளையாட்டு மருத்துவத்தில் பாலபாடம். அந்தப் பாடம் மவுண்ட்-பூந்தமல்லி ரோட்டில் பத்து ஸ்டாப் தாண்ட மாட்டேன் என்கிறது.

இப்போது ஜிம் கதைக்கு வருகிறேன். 2023 தொடக்கத்தில் ஆவடிக்குப் பக்கத்தில் 25 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். ஆணழகன் போட்டிக்குத் தயாரானவர். ஸ்டீராய்டு ஊசி போட்டதும் சிறுநீரகம் கெட்டதும் செய்திகளில் வந்தன. அதே வருடம் அக்டோபரில் அம்பத்தூர்க்காரர், பட்டங்கள் வாங்கிய 41 வயது ஆணழகன், கொரட்டூர் ஜிம்மில் மயங்கி விழுந்து இறந்தார், மாரடைப்பு என்றார்கள். இரண்டாவது மரணத்தை நான் ஊசியோடு முடிச்சுப் போடவில்லை. ஒரே வருடத்தில், ஒரே ரயில் பாதையில், உடம்பை வளர்ப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்த இரண்டு பேர் போனார்கள் என்று மட்டும் சொல்கிறேன். அதற்குப் பிறகு எங்கள் துறையின் எந்தச் சங்கமாவது இந்தப் பக்கத்து ஜிம் மாஸ்டர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியதா? எனக்கு அழைப்பு வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு மாஸ்டருக்கும் வரவில்லை.

ஜிம் மாஸ்டரை வில்லனாக்குவது சுலபம். அவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் கம்பெனி வேலை, டெலிவரி வேலை பார்த்துக்கொண்டே உடம்பு ஏற்றியவர். படிப்பு யூடியூப். சம்பளம் சொற்பம், டப்பா விற்றால் கமிஷன். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து ஜிம் லாக்கரில் கிடைக்கிறது. போட்டிக்கு முந்தின வாரம் தோல் ஒட்டி நரம்பு தெரிய வேண்டும் என்று தண்ணீரை நிறுத்தி, நீர் பிரிகிற மாத்திரை போடுவார்கள். பொட்டாசியம் தாறுமாறாகி இதயம் நின்றுபோவது அந்த வாரத்தில்தான் நடக்கும். இதை நான் ஒரு மாஸ்டரிடம் விளக்கியபோது அவர் முகம் மாறியது. "இத யாரும் சொன்னதே இல்லக்கா. தசை பிடிக்கும், உப்பு நக்கிக்கோன்னுதான் சொன்னாங்க." நான்கு வருடமாகப் பையன்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவர். மறுநாளிலிருந்து நிறுத்திவிட்டார் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் ஒரு பையனுக்குப் படபடப்பு வந்தபோது ராத்திரி எனக்குப் போன் செய்தார். அந்தப் போன் வருவதற்கு ஒரு டீ குடிக்கிற நேரப் பேச்சு போதுமானதாக இருந்தது.

2023-ல் இந்தியாவில் எடுத்த 5,600-க்கும் மேற்பட்ட ஊக்கமருந்து மாதிரிகளில் 3.8 சதவீதம் பாசிட்டிவ். பெரிய அளவில் சோதனை செய்யும் நாடுகளில் நாம்தான் முதலிடம். அது பதிவு பெற்ற வீரர்களிடம் எடுத்த கணக்கு. நெமிலிச்சேரி மாடி ஜிம்முக்கு யாரும் பாட்டில் எடுத்துக்கொண்டு வருவதில்லை.

அறிவு எவ்வளவு மெதுவாகக் கீழே இறங்குகிறது என்பதற்கு ஐஸ் கட்டி ஒரு உதாரணம். சுளுக்குக்கு ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978-ல் ஒரு சூத்திரமாக்கியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர். 2014-ல் அவரே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிச் சொன்னார். இன்று நாங்கள் சொல்வது, முதல் ஓரிரு நாள் பாதுகாத்து, பிறகு தாங்கக்கூடிய அளவில் சீக்கிரம் அசைக்கத் தொடங்கு என்பது. அவர் மாற்றிச் சொல்லி பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பட்டாபிராமிலிருந்து வருகிற பையன் இன்றைக்கும் கணுக்காலை மூன்று வாரம் அசைக்காமல் வைத்து மரத்துப்போன காலோடு வருகிறான். அவனுடைய கோச் படித்தபோது சொல்லிக் கொடுத்தது 1978.

இன்னொரு உதாரணம் என்னைக் கோபப்படுத்துவது. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான பெண் கால்பந்தாட்டக்காரர்கள் ஏறக்குறைய 1,900 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2008-ல் வெளியானது. ஆட்டத்துக்கு முன்னால் இருபது நிமிட வார்ம்-அப்: ஓட்டம், ஒற்றைக் காலில் நிற்றல், குதித்து முட்டியை உள்ளே மடக்காமல் இறங்குதல். கருவி ஒன்றும் கிடையாது. அதைச் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, கடுமையானவை பாதிக்குக் கிட்டக் குறைந்தன. ஃபிஃபா அதை உலகம் முழுக்க இலவசமாகவே கொடுக்கிறது. முழங்கால் சவ்வு கிழிவது ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம் என்பதும் பழைய சேதி. ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் கால்பந்தும் கபடியும் ஆடுகிற பெண்கள் என்னிடம் வந்தால் ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன்: வார்ம்-அப் என்ன செய்வீங்க? "கிரவுண்ட ரெண்டு ரவுண்டு ஓடுவோம்க்கா." சவ்வு கிழிந்தால் தைக்கிற கை ஊரில் பெருகிவிட்டது. கிழியாமல் இறங்கச் சொல்லித் தருகிற ஆளைத்தான் காணோம். வார்ம்-அப்புக்கு பில் போட முடியாது, அதுவும் ஒரு காரணம்.

இதற்கு என் சீனியர்கள் சொல்லும் மறுப்பு எனக்கு மனப்பாடம். பயிற்சி கொடுத்தால் போலிகளுக்கு அங்கீகாரம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நாளைக்கே சர்டிஃபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொண்டு வைத்தியம் பார்ப்பார்கள். இதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது, மாட்டத்தான் செய்வார்கள். ஆனால் சர்டிஃபிகேட் இல்லாமலும் அவர்கள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்? தொடப்போவது உறுதி, தெரிந்து தொடுவதா தெரியாமல் தொடுவதா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. எத்தியோப்பியாவில் நாட்டு எலும்பு வைத்தியர்களைக் கூட்டி ஒரே ஒரு நாள் பாடம் எடுத்தார்கள்: எப்படிக் கட்டக் கூடாது, எந்த அறிகுறி வந்தால் அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். கட்டினால் அழுகிக் கை கால் வெட்ட வேண்டி வந்த கேஸ்கள் அதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்தன. 2005-ல் எலும்பு மருத்துவ இதழிலேயே வந்த ஆய்வு. படிக்கிற இதழ்தான், அந்தப் பக்கத்தை மட்டும் நம்மவர்கள் புரட்டிவிட்டார்கள்போல. ஒரு நாள் பாடம் புத்தூர் கட்டுக்காரருக்கு நடந்தால் வகுப்பில் எங்கள் வார்டுகளுக்கும் நாலு நாற்காலி போட்டுவிடலாம்.

தமிழ்நாட்டுக்கு இது புது யோசனையும் இல்லை. பிரசவத்தில் தாய் சாவதைக் குறைத்த கதையில் மகப்பேறு பேராசிரியருக்கு எவ்வளவு பங்கு உண்டோ, கிராம சுகாதாரச் செவிலியருக்கும் அவ்வளவு உண்டு. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட் வேனில் ஏறி, படுத்த படுக்கையாக இருக்கிற பெரியவர் வீட்டுக்கே போகிறார். அதே வேன் வாரத்தில் ஒரு சாயங்காலம் மைதானத்துக்குப் போனால் என்ன குறைந்துவிடும்? 2024-ல் பஞ்சாயத்துகளுக்கெல்லாம் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்தார்கள். வாலிபால், கிரிக்கெட் மட்டை, எல்லாம் வந்தது. விளையாடு என்று சொன்ன அரசு, விழுந்தால் என்ன செய்வது என்று சொல்லித் தர ஒரு ஆளையும் அனுப்ப வேண்டும். கடமை என்றே சொல்வேன்.

2022 ஜூலையில் பண்ருட்டிப் பக்கம் ஒரு கபடி ஆட்டத்தில், பாடிப் போன இளைஞர் களத்திலேயே விழுந்து எழவில்லை. வீடியோ எல்லா போனுக்கும் வந்தது. அதற்கு முந்தைய வருடம் ஜூன் 12, கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் எரிக்சன் அதே மாதிரிதான் விழுந்தார். அவருடைய அணித் தலைவர் ஓடி வந்தார், மருத்துவக் குழு நெஞ்சை அழுத்தியது, ஷாக் கொடுக்கிற கருவி பக்கத்திலேயே இருந்தது. அடுத்த வருடம் அவர் திரும்ப ஆடினார். இரண்டு பேருக்கும் இதயத்தில் நடந்தது ஒன்றுதானா என்று நான் சொல்ல மாட்டேன், சொல்ல ஆதாரமும் கிடையாது. ஆனால் நம்ம பக்கம் திருவிழா கபடியில், மைக் செட்டுக்கும் சீரியல் லைட்டுக்கும் கோப்பைக்கும் காசு இருக்கிற கமிட்டிகளிடம், நெஞ்சை அழுத்தத் தெரிந்த ஒரு ஆள் இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறேன். "108 இருக்குல்ல மேடம்" என்பார்கள். 108 வரும். வருகிற வரை அந்த நெஞ்சின் மேல் யாராவது கை வைக்க வேண்டுமே. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, நெஞ்சு இரண்டு அங்குலம் இறங்க. பழக அரை மணி நேரம் போதும்.

என் துறை நண்பர்களுக்கு: அடுத்த மாநாட்டு அழைப்பு உங்களுக்கும் வந்திருக்கும், கட்டணத்தையும் பார்த்திருப்பீர்கள். போங்க, தடுக்கவில்லை. நானும் இந்த மாதம் முதல் ஞாயிறு ஒன்று தொடங்குகிறேன். காலை ஆறு மணி, எங்கள் தெரு முனை மைதானம். ஐந்து ஜிம் மாஸ்டர்கள், மூன்று கோச்கள், ஒரு பி.டி. மாஸ்டர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு புத்தூர் கட்டுக்காரரும் வருகிறார், கேட்டதும், "நாங்க கட்டுறத நீங்க பாக்கணும், நீங்க கட்டுறத நாங்க பாக்கணும், சரியா?" என்றார். சரி என்றேன். நெஞ்சழுத்தப் பொம்மை ஒன்று கடன் வாங்கியிருக்கிறேன், இன்னொன்று கிடைத்தால் நல்லது. கிரெடிட் மணி நேரம் எதுவும் கிடைக்காது. வருகிறவர்கள் எலாஸ்டிக் பேண்டேஜ் ரெண்டும், வெட்ட ஒரு நல்ல கத்திரிக்கோலும் எடுத்துட்டு வாங்க.